பள்ளிக்கும் வாசலுக்கும் நடுவில்

அச்சகத்தில் எனக்குச் சிவப்பு மை என்று பெயர். பதினெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சின்னக் காகிதத்திலிருந்து கணக்குப் பாடப்புத்தகம் வரை, என் மேசையைத் தாண்டாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சேர்த்து எழுத வேண்டியதை யாராவது பிரித்து எழுதியிருந்தால், கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. பரவாயில்லை, இருக்கிறவர்கள் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்தது நான்தான்.

எங்கள் புறநகரில் எல்லாம் வந்துவிட்டது. பத்து வருடத்தில் பதினான்கு தெரு நாற்பது தெருவானது. மருந்துக்கடை ஐந்து, உடற்பயிற்சிக்கூடம் இரண்டு, நாய்க்கு முடி வெட்டுகிற கடைகூட ஒன்று இருக்கிறது. உயர்நிலைப்பள்ளி மட்டும் இல்லை. ஆறாம் வகுப்போடு இங்கே படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் நகரத்துக்குத்தான் போக வேண்டும், இரண்டு பஸ் மாறி.

என் மகளுக்கு வீட்டில் கமா என்று பெயர். பிறந்தபோது துணிக்குள் அப்படித்தான் சுருண்டு கிடந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. ஐந்து மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து, பாதிக் கண்ணில் பல் துலக்கி, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பாள். ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கி, நெற்றியில் கம்பியின் தடத்தோடு முதல் பாடத்துக்குப் போய் உட்காருவாள். அந்தத் தடம் மறைய மூன்றாவது பாடவேளை ஆகும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் நான் பள்ளிக் குழுவில் சேர்ந்தேன். சமூக சேவை என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை. எல்லாருமே அவரவர் பிள்ளைக்காகத்தான் வந்திருந்தார்கள்.

குழுத் தலைவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய க்ளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசுவோம். சுவரில் ஒரு சொத்தைப் பல்லின் படம், கதவளவு பெரியது. அதன் கீழே உட்கார்ந்துதான் மூன்று வருடமாகப் பள்ளிக்கூடம் கட்டினோம். மளிகைக்கடைக்காரர் ஒருவர். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், அவர் பக்கத்துப் பள்ளிவாசலின் செயலாளரும்கூட. கட்டடம் எழும்புவதற்கு முன்பே நியமிக்கப்பட்ட தலைமையாசிரியை ஒருவர். பிறகு நான், குழுவின் செயலாளர். என் வேலை, பேசியதை எல்லாம் எழுதி, தீர்மானமாக்கி, நகரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புவது.

செங்கல் சூளை இருந்த நிலத்தை வாங்கவே ஒன்றரை வருடம் ஆனது. கழிப்பறை எத்தனை என்பதில் இரண்டு மாதம் போனது. வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமை. பெரிய சாலைப் பக்கம் வைத்தால் லாரி, பின்பக்கம் வைத்தால் சாக்கடை. கடைசியில் வடக்குப் பக்கம், சின்னத் தெருவைப் பார்த்து என்று முடிவானபோது, மளிகைக்கடைக்காரர் ஒரு மாதம் தலைமையாசிரியையுடன் பேசவில்லை. வாசல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அலுப்பு வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் எல்லை. முதல் வருடம் நூற்றறுபது பிள்ளைகளுக்குத்தான் இடம். எவ்வளவு தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு முதல் உரிமை என்று வரையறுக்க வேண்டும்.

“ரெண்டு கிலோமீட்டர்” என்றேன் நான்.

தலைமையாசிரியை தன் நோட்டைப் புரட்டினார். நாற்பது தெருவிலும் வீடு வீடாக நடந்து கணக்கெடுத்தவர் அவர், அவரோடு வாதாடுவது கஷ்டம். “ஒன்றரைக்குள்ளயே நூத்தறுபது பிள்ளைங்க இருக்காங்க. ரெண்டுன்னு வச்சா முந்நூறு வரும். அப்புறம் யாரை எடுக்கறது, யாரைத் தள்றது?”

“உங்க வீடு எவ்வளவு தூரம்?” என்று கேட்டார் பல் டாக்டர்.

“அது எதுக்கு இப்ப?”

“சும்மாதான் கேட்டேன்.”

ஒன்றே முக்கால். என் கணவர் சைக்கிள் மீட்டரில் மூன்று முறை அளந்துவிட்டார். மூன்று முறையும் ஒன்றே முக்கால்தான். கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒன்றரைக்கு நான்கு கை, இரண்டுக்கு ஒரு கை. தோற்ற தீர்மானத்தையும் ஜெயித்த தீர்மானத்தையும் நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். வீட்டுக்கு வந்து கமாவிடம் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மழுப்பினேன்.

பல் டாக்டர் விதியைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துச்சீட்டு எழுதிய கை, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு பல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மறுநாள் அச்சகத்தில் மதிய நேரத்தில் அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்தேன். நடை தூரம் என்று பிரித்திருந்ததை நடைதூரம் என்று சேர்த்தேன். முதல் உரிமை என்பதை முதலுரிமை ஆக்கினேன். கை ஓடுகிற வேகத்தில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வரி முழுக்கச் சேர்த்துக்கொண்டே போனேன். தோற்ற எரிச்சலை இடைவெளிகளின் மேல் காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, எல்லை அறிவிப்பு வெளியானது. நகரமைப்பு அலுவலகத்தின் பலகையிலும் எல்லா பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டினார்கள். மேலே விதி, நடுவே வரைபடம், கீழே தெருக்களின் பட்டியல். ஆட்சேபம் சொல்லப் பதினான்கு நாள் அவகாசம்.

நான் விதியைப் படிக்கவில்லை. அதை எழுதியதே நான்தானே. வரைபடத்தையும் பார்க்கவில்லை. பட்டியலில் எங்கள் தெருவைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் தேடினேன். இருந்தது.

நான் அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். பிறகு வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். பதினெட்டு வருடத்தில் ஒரு தாளை முழுக்கப் படிக்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

ஒன்றே முக்கால் எப்படி ஒன்றரைக்குள் அடங்கியது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புதிதாகப் போட்ட குறுக்குப் பாதையைக் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரசு அலுவலகம் எதையும் சரியாகத்தான் செய்யும் என்று அன்றைக்குப் பார்த்து எனக்கு நம்பிக்கை பிறந்தது. எதிர்வீட்டு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க குழுவில இருந்ததாலதான் நம்ம தெரு வந்துச்சு. எனக்குத் தெரியும்” என்றார். எங்கள் தெருவில் அந்த வயதுப் பிள்ளைகள் பதினேழு பேர். நான் பணிவாகச் சிரித்து வைத்தேன்.

கமாவிடம் சொன்னபோது அவள் குதிக்கவில்லை. “அப்படியாம்மா” என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தலைமாட்டில் இருந்த அலாரம் கடிகாரத்தை எடுத்து, நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல் வைத்தாள். “ஜூனுக்கு அப்புறம் இது ரிட்டயர்டு” என்றாள். “இப்ப இருந்தே மேல இருக்கட்டும். அங்க இருந்து அடிச்சாலும் கேக்கும்.” களைப்பில் சந்தோஷம்கூட மெதுவாகத்தான் வரும் போல என்று நினைத்தேன்.

எட்டு நாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

அச்சகத்தில் புத்தகம் தைக்கிற பெண்ணை ஊசி என்று கூப்பிடுவோம். ஆள் மெலிவு, கை வேகம், வாய் குறைவு. அவள் வீடு ஊரின் மேற்குக் கோடியில், நீலக் கட்டடம் என்கிற நான்கு மாடிக் குடியிருப்பில். கமாவின் வயதில் அவளுக்கும் ஒரு மகள். வியாழக்கிழமை மதியம், டப்பாவைத் திறந்துகொண்டே, ஏதோ மழை வருமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

“எங்க கட்டடம் வரலைக்கா.”

“எதுல வரலை?”

“ஸ்கூல் லிஸ்ட்ல. பாப்பாவ அவ அத்தை வீட்டுல விடலாம்னு இருக்கோம். அந்த ஊர்ல ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கலாம்.”

நான் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தேன். “உன் வீட்டிலேர்ந்து சூளை நிலம் எவ்வளவு தூரம்?”

“என்ன தூரம். எங்க சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா பில்லர் எழும்பறது தெரியும். பாப்பா தினமும் எண்ணுவா, இன்னிக்கு ஏழு, இன்னிக்கு எட்டுன்னு.” அவள் சாப்பிட ஆரம்பித்தாள். “அளக்கறது வேற மாதிரி போல. நமக்கு எங்க தெரியும்.”

“ஏன் ஆட்சேபம் எழுதிக் குடுக்கல?”

“ஆபீஸ்ல போட்டா போட்டதுதானேக்கா. அதுவும் நீங்க எழுதினதாமே. நீங்க எழுதினா தப்பு இருக்காதுன்னு எங்க வீட்டுக்காரரே சொன்னாரு.”

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். நடைபாதைப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த முறை மேலிருந்து படித்தேன். முதல் வரியிலேயே நின்றேன். பள்ளிவாசலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் வசிப்போருக்கு முதலுரிமை.

பள்ளிவாசல். நடுவே இடைவெளி இல்லை. கடிகாரக்காரர் செயலாளராக இருக்கிற பள்ளிவாசல். தினம் இரண்டு முறை கண்டக்டர் கத்துகிற பஸ் நிறுத்தத்தின் பெயர். வரைபடத்தில் எல்லைக்கோட்டின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அது சூளை நிலத்தில் இல்லை. முக்கால் கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, பள்ளிவாசலின் மேல் பதிந்திருந்தது. எல்லை மொத்தமும் எங்கள் வீட்டுப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. மேற்கே நீலக் கட்டடம் வெளியே கிடந்தது.

வரைபடம் போடுகிற பெண் உள்ளேதான் இருந்தாள். சின்னப் பெண், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் முதன்முதலில் எங்களுக்கு அனுப்பிய கடிதத்தை நான் சிவப்பு மையால் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பியிருந்தேன். போதாதென்று நேரில் பார்த்தபோது வகுப்பும் எடுத்தேன். சேர்த்தால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள், இடைவெளியும் ஓர் எழுத்து என்று நினைத்துக்கொள் என்றெல்லாம்.

“புள்ளிய ஏம்மா அங்க வச்சே?” என்று கேட்டேன்.

அவள் கோப்பைத் திறந்து என் தாளை எடுத்தாள். “சேர்த்து எழுதியிருந்தீங்கக்கா. ஸ்கூலோட வாசலா இருந்தா பிரிச்சு எழுதியிருப்பீங்கல்ல? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு எல்லை போட, யாராவது பள்ளிவாசல்ல இருந்து அளப்பாங்களா?”

“எனக்கும் வித்தியாசமாத்தான் இருந்துச்சு. ஸ்கூல் இன்னும் கட்டி முடிக்கல, வாசலே இல்ல, அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச இடமா வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.” கொஞ்சம் தயங்கினாள். “போன் பண்ணிக் கேக்கலாம்னுதான் பார்த்தேன். ஆனா நீங்க திட்டுவீங்க.”

அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் திருத்த முடியாது.

“ஏதாச்சும் தப்பாக்கா?” என்று கேட்டாள்.

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். “பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமா பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ வேணும்னு பண்ணலையே” என்றார்.

“இல்லை.”

“யாராச்சும் ஆட்சேபம் சொன்னாங்களா?”

“இல்லை.”

“லிஃப்ட் சில நேரம் நாம அமுக்காத மாடில நிக்கும். கதவு திறந்தா, நமக்கு வேண்டிய இடமா இருந்தா, இறங்கிக்க வேண்டியதுதான்.”

“நீங்க அமுக்காத மாடில நின்னா, அந்த லிஃப்டை ரிப்பேர் பண்ணத்தானே உங்களைக் கூப்பிடறாங்க” என்றேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நான் கேட்க ஆசைப்பட்டதை அவர் சொல்லிவிட்டார் என்பதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை ஊசியின் பக்கமே போகாமல் வேலை பார்த்தேன். அவள் தைத்து வைத்த கட்டுகளை எண்ணும்போது, அவள் மகள் ஜன்னலில் நின்று தூண் எண்ணுவதாகச் சொன்னது மனசில் வந்து வந்து போனது. சனிக்கிழமை கமா மதியம் வரை தூங்கினாள். போர்வைக்குள் இன்னமும் அதே கமாதான், நீளம் மட்டும் கூடியிருந்தது. நெற்றியில் கம்பித் தடம் இல்லை. இன்னும் நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவகாசம் முடிந்துவிடும். இவளுக்காக இதுகூடச் செய்யமாட்டேனா என்று கேட்டுக்கொண்டேன். அதே கேள்வியை ஊசியும் தன் மகளைப் பார்த்துக் கேட்டிருப்பாள். அதற்குப் பதிலாகத்தான் மகளை அத்தை வீட்டுக்கு அனுப்புகிறாள்.

ஞாயிறு காலை க்ளினிக்கில் எல்லாரும் வந்திருந்தார்கள். அறிவிப்பு பற்றிப் பேச வேண்டும் என்பதால் வரைபடப் பெண்ணையும் அழைத்திருந்தார்கள். மேசை நாற்காலிக்கு யாரைக் கேட்பது என்று பல் டாக்டர் ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். அந்த க்ளினிக்கில் யாரும் எழுந்து நின்று பேசியதில்லை.

“அதுக்கு முன்னாடி ஒரு திருத்தம்” என்றேன்.

“உட்கார்ந்தே சொல்லுங்களேன்” என்றார் பல் டாக்டர்.

நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் பிரித்து எழுதிக் கொடுத்தீர்கள், நான் சேர்த்தேன், இந்தப் பெண் நான் சொல்லிக்கொடுத்தபடி படித்தாள், புள்ளி இடம் மாறிவிட்டது. நான்கே வாக்கியம். வரைபடப் பெண்ணின் முகம் வெளுத்தது. “உன் மேல தப்பே இல்லம்மா” என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். இதை வியாழக்கிழமையே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கடிகாரக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். “அதானா விஷயம். போன வாரம் ரெண்டு பேர் வந்து எங்க ஆபீஸ்ல அட்மிஷன் ஃபார்ம் கேட்டாங்க. இது தொழுகை நடத்துற இடம்ப்பா, ஏழாம் வகுப்பு எல்லாம் இல்லன்னு அனுப்பி வச்சேன்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோதுதான் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நாற்பது தெருவும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர்.

“புள்ளிய திரும்ப சூளைக்கு நகர்த்தினா, உங்க தெரு?”

“வெளிய போயிடும்.”

மளிகைக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “மூணு வருஷமா உழைச்சவங்க. குழு ஆளுங்க பிள்ளைங்களுக்குன்னு ஒரு நாலு சீட் ஒதுக்கி வச்சா யார் என்ன சொல்லப் போறாங்க?”

அவர் அதைச் சொன்ன அந்த விநாடியில் என் மனசு எப்படித் துள்ளியது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பல் டாக்டர் பழைய தீர்மானக் கோப்பைப் பிரித்தார். முதல் வருடம், மூன்றாம் கூட்டம். குழு உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத் தனிச்சலுகை எதுவும் கிடையாது. முன்மொழிந்தவர் குழுச் செயலாளர், அதாவது நான். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல் என் எழுத்தில் இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை, என் பக்கம் திருப்பி மட்டும் வைத்தார். மனிதர் வலிக்காமல் பல் பிடுங்குவதில் பெயர் வாங்கியவர். இது வலித்தது.

“காத்திருப்புப் பட்டியல்ல போடலாம்” என்றார் தலைமையாசிரியை. “அடுத்த வருஷம் மாடி எழும்பினா இன்னும் நாலு வகுப்பு வரும். அடுத்த வருஷம்னு உறுதியா சொல்ல முடியாது.”

அறிவிப்பை ரத்து செய்து, சரியான புள்ளியுடன் மறுபடி வெளியிட வேண்டும் என்று முடிவானது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். “எழுத்துப்பிழை காரணமாகன்னு போட்டா போதும். யாரோடதுன்னு வேண்டாம்.”

“யாரோட எழுத்துன்னு போடணும் டாக்டர். இல்லன்னா அந்தப் பெண்ணோடதுன்னு ஆயிடும்.”

செயலாளர் சேர்த்து எழுதிய காரணத்தால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே விதியை மறுபடி எழுதினேன். இந்த முறை பள்ளிக்கூடத்தின் வடக்குப் பக்க நுழைவாயில் என்று எழுதினேன். சேர்த்தாலும் பிரித்தாலும் வேறு பொருள் வராது.

திரும்பும் வழியில் ஊசிக்கு போன் செய்தேன். “பாப்பாவ எங்கயும் அனுப்பாத” என்று சொல்லி விவரம் சொன்னேன். “அப்ப உங்க பொண்ணு?” என்று கேட்டாள். நான் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை, நான் நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கையசைத்தார். நாளைக்கு அவர் வீட்டிலிருந்து தொடங்கி, பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் ஏறி இறங்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

கமா தரையில் உட்கார்ந்து காலணிக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். என் கணவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார்.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அழகாகக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “கமா, அந்த அறிவிப்புல ஒரு தப்பு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“சேர்த்துப் போட்டிருந்துச்சு.” அவள் பிரஷ்ஷை வைத்தாள். “ஒட்டின அன்னிக்கே பார்த்தேன். பஸ் ஸ்டாப் போர்டுக்குக் கீழதான் ஒட்டியிருந்தாங்க. மேல பள்ளிவாசல், கீழயும் பள்ளிவாசல். வரைபடத்துல புள்ளியும் நான் நிக்கற இடத்துலயே இருந்துச்சு.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவளின் மகள். ஏழு வயதில் பிஸ்கட் பாக்கெட்டில் பிழை கண்டுபிடித்தவள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

அவள் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சொன்னா நீ உடனே போய்த் திருத்திடுவே. எனக்குக் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்னு இருந்துச்சு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் நினைத்திருந்த அம்மா, உடனே போய்த் திருத்துகிற அம்மா. அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு பிழையை மறைக்க என்னால் முடியாது.

“உடனே இல்லடி” என்றேன். “வியாழக்கிழமையே தெரியும். மூணு நாள் ஆச்சு எனக்கு.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். விரல் விட்டு எண்ணினாள்.

“எனக்குப் பதினோரு நாள்” என்றாள்.

பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அலமாரியின் மேலிருந்த கடிகாரத்தை எடுத்துத் துடைத்துத் தலைமாட்டில் வைத்தாள்.